நடுவில் நின்ற குரல்

எங்கள் ஆஸ்பத்திரியின் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் தரைத்தளத்தில், ரத்தப் பரிசோதனை அறைக்கும் படிக்கட்டுக்கும் நடுவே ஒரு இடுக்கில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. ரெண்டு நாற்காலி, ரெண்டு ஹெட்செட், தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கும் ஒரு டேபிள் ஃபேன். ஒரு நாற்காலி என்னுடையது. இன்னொன்று டெலிபோன் அக்காவுடையது.

அக்காவின் முகம் ஆஸ்பத்திரியில் பாதிப் பேருக்குத் தெரியாது. குரல் தெரியாதவர் யாருமில்லை. லிஃப்டில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றுகொண்டு, "மூணாவது மாடி அமுத்துங்க" என்பார். முன்னால் நிற்கும் பெரிய டாக்டர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பார், ஏதோ அவசர அழைப்பு நேரில் நடந்து வந்துவிட்டது போல.

வேலை முடிந்து ஹெட்செட்டைக் கழற்றினால் அக்கா பேசமாட்டார். "நாள் முழுக்க ஊரே என் காதுக்குள்ள வந்து அழுவுது. வீட்டுக்குப் போனா ஈ பறந்தாக்கூட எரிச்சலா இருக்கு" என்பார். அவர் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அந்த மனுஷனுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. தூக்கத்தில்கூட "பிரேக்கு, பிரேக்கு!" என்று காலை உதைப்பாராம். பேசுவது அவர் பங்கு, தலையாட்டுவது அக்கா பங்கு என்று அந்தக் குடும்பம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் இல்லை. அக்காவுக்குத் தம்பி ஒருவன் இருந்தான்.

தம்பி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு வாடகை வீட்டின் பின்னறையை ஒலிப்பதிவுக் கூடமாக்கி, விளம்பரப் பாட்டுகளுக்கும் சின்னப் படங்களுக்கும் சத்தம் சேர்த்துச் சரிசெய்து கொடுக்கிற வேலை. அடித்தொண்டைக் குரல். மத்தியானத்தில் எக்ஸ்சேஞ்சுக்குப் போன் செய்வான். சில நாள் நான் எடுப்பேன். "அக்கா சாப்பிட்டுச்சா?" என்று கேட்டால் ஹெட்செட் காதோரம் அதிரும். அக்காவிடம் கொடுத்தால் "ம்", "ம்", "வைடா" என்று மூன்றே சொல்லில் பேச்சு முடியும். மறுநாளும் கூப்பிடுவான்.

அவனுக்கு உயிர் அந்தப் பின்னறையிலிருந்த ரெண்டு ஸ்டூடியோ மானிட்டர் ஸ்பீக்கர்கள்தான். பார்வைக்குக் கறுப்புப் பெட்டிகள், அவ்வளவுதான். வீட்டு ஸ்பீக்கர் பாட்டுக்குக் கொஞ்சம் பவுடர் பூசி அனுப்பும், மானிட்டர் உள்ளதை உள்ளபடி சொல்லும் என்று அக்காவுக்கு விளக்குவானாம். "அதெல்லாம் கல்யாணத் தரகர் மாதிரிக்கா. எதைக் கேட்டாலும் நல்லாருக்கும்பான். இது மாமியார் மாதிரி." பாடகர் எச்சில் விழுங்கினால்கூட அதில் கேட்கும். "ஒரே ஒரு தடவை உட்கார்ந்து முழுசா ஒரு பாட்டுக் கேளுக்கா" என்று எத்தனையோ முறை கெஞ்சியிருக்கிறான். அக்கா உள்ளே நுழைந்ததுமே, "முதல்ல அதை அணைடா, தலை வலிக்குது" என்பார். அவனும் சிரித்துக்கொண்டே அணைத்துவிடுவான். சத்தத்துக்கென்றே கட்டிய அறையில் அக்காவும் தம்பியும் சத்தமில்லாமல் டீ குடித்துவிட்டுப் பிரிவார்கள்.

ஒருமுறை ஆஸ்பத்திரி நிர்வாகம், லைன் கிடைக்காமல் காத்திருப்பவர்களுக்குப் போடுவதற்காக ஒரு அறிவிப்பைப் பதிவு செய்து தரச் சொன்னது. குரல் அக்காவுடையது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. "என் தம்பியே பண்ணிக் கொடுப்பான்" என்று சொல்லிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தபடி நாலைந்து வரி படித்துவிட்டு வந்தார். சுத்தம் பண்ணி அனுப்புகிறேன் என்றான்.

அனுப்பவில்லை. அந்த வாரமே ஒரு நாள், வேலை செய்துகொண்டிருந்த நாற்காலியிலேயே தம்பி செத்துப்போனான். மாரடைப்பு. மத்தியானம் போன் வரவில்லை. வேலை மும்முரம் என்று அக்கா நினைத்தார். சாயங்காலம் போன் வந்தது. அதுவும் எங்கள் எக்ஸ்சேஞ்சுக்குத்தான், அவசரப் பிரிவிலிருந்து. எடுத்தவள் நான்.

அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனசில்லை. அக்கா அழவில்லை, பேசவும் இல்லை. வந்தவர்கள் கையைப் பிடித்தால் பிடித்துக்கொண்டார், விட்டால் விட்டுவிட்டார்.

தம்பிக்கு வாடகைக்கு விட்டுவிட்டு முன்பக்கம் குடியிருந்த வீட்டுக்கார அம்மா, அந்தக் கட்டடத்தை இடிக்க ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். காலி செய்யப் போனது மாஸ்டரும் தம்பியின் கூட்டாளியும். அந்தக் கூட்டாளியை எல்லோரும் ஒயர் என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் எப்போதும் ஏதாவது ஒயரை மாலை போலச் சுற்றிக்கொண்டு அலைகிற, நரை விழுந்த, ஒல்லியான ஆள். மற்ற சாமான்களைத் தொழில் நண்பர்கள் எடுத்துக்கொண்டார்கள். "அந்த ரெண்டு பெட்டி எனக்கு வேணும்" என்று அக்கா சொல்லியனுப்பினார்.

மாஸ்டருக்கு ஆச்சரியம். "ஏம்மா, மிக்ஸி ஓடினாலே காதைப் பொத்திக்கிற ஆளு நீ. இதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போற?"

"கேக்கப்போறேன்."

ஹாலில், சோபாவுக்கு எதிரே, பக்கத்துக்கு ஒன்றாக வைத்தார்கள். அக்கா சின்ன வயதில் கேட்ட பாட்டொன்றை மாஸ்டர் போனிலிருந்து போட்டார். ஆண் குரல், நிதானமான பாட்டு. தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. பாடகர் கீழ்ஸ்தாயிக்கு இறங்கும் இடம் வந்ததும் குரல் காணாமல் போனது. நின்றுபோகவில்லை. யாரோ வாயைப் பொத்திக் கிணற்றுக்குள் இறக்கியது போல உள்ளே போய்விட்டு, அடுத்த அடியில் மேலே வந்தது. அதோடு, பாடகர் நடுவில் நிற்காமல் வலப்பக்கச் சுவரோரம் ஒதுங்கி நின்று பாடுவது போலவும் இருந்தது.

வேறு பாட்டுப் போட்டார்கள். அதிலும் அதே இடத்தில் அதே பள்ளம். மாஸ்டர் எழுந்து ஹாலைச் சுற்றிவந்தார். சமையலறை வாசலில் நின்றாலும் பள்ளம், பால்கனிக் கதவோரம் நின்றாலும் பள்ளம். பழைய டிவியில் அதே பாட்டைப் போட்டால் குரல் முழுசாக இருந்தது.

"யாரோ குறுக்கால நிக்கிற மாதிரி இருக்கும்மா" என்றார் மாஸ்டர். விளையாட்டாகத்தான் சொன்னார். சொன்ன பிறகு அவருக்கே அது பிடிக்கவில்லை.

ஒயரைக் கூப்பிட்டார்கள். வந்து ஒரு பாட்டைக் கேட்டதுமே அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"என் தப்பு. சொல்லியிருக்கணும். இதுக்குள்ள இன்னும் அவன் ரூம்தான் இருக்கு."

அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

ஒயர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து விளக்கினார். எந்த அறையும் சும்மா இருப்பதில்லை. சில சுரங்களைப் பிடித்துவைத்துக்கொண்டு உறுமும். சிலவற்றை விழுங்கிவிடும். அதனால் மைக் வைத்து அறையை அளந்து, அறை எந்தச் சுரத்தைக் கூட்டுகிறதோ அதை ஸ்பீக்கரில் குறைத்துவிடுவார்கள். எந்த ஸ்பீக்கர் கிட்டே இருக்கிறதோ அதன் சத்தத்தை ஒரு இமைப்பொழுது தாமதமாக்குவார்கள். ரூம் கரெக்‌ஷன் என்பது அதுதான். தம்பியின் அறை அடிக்குரலில் பயங்கரமாக உறுமும். அதனால் அந்த இடத்தை ஆழமாக வெட்டி வைத்திருந்தார்கள். இடப்பக்க ஸ்பீக்கர் கதவு மறைவில் கிட்டே இருந்ததால் அதைத் தாமதமாக்கியிருந்தார்கள். அந்தக் கணக்கையெல்லாம் பெட்டிகள் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். மின்சாரம் போனாலும் மறக்காது.

"அங்க உறுமினதால வெட்டினோம். இங்க உறுமலே இல்ல. அதான் வெட்டின இடம் பள்ளமா கேக்குது."

"அந்த வீடு?" என்றார் அக்கா.

"இடிச்சாச்சுக்கா. போன வாரமே."

ஒயரே, யாரும் கேட்காத ஒன்றைச் சொன்னார். "அளந்தப்ப நானும் கூட இருந்தேன். நாற்காலியில மட்டும் மைக்கை வெச்சு அளந்தா இன்னும் துல்லியமா வரும்டான்னேன். கேக்கல. கட்டில்லயும் ஒரு தடவை வெச்சு அளந்தான். அக்கா வந்தா அங்கதான் உட்காரும், அதுக்கும் சரியா கேக்கணும்னான்."

அக்கா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒயர் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தார். "அழிச்சிட்டு உங்க ஹாலுக்குப் புதுசா அளந்துடலாம். காபி குடிக்கிற நேரம்தான்."

"வேண்டாம்" என்றார் அக்கா. "இருக்கட்டும்."

அன்றிலிருந்துதான் அந்த வீட்டுக்குள் ஒன்று குடிவந்தது.

வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் அக்கா பாட்டுப் போடுவார். பாட்டுக்காக அல்ல, பள்ளத்துக்காக. எந்தப் பாட்டில் எந்த அடியில் பாடகர் கீழே இறங்குவார், எங்கே குரல் மறையும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. அந்த இடம் நெருங்கும்போது கையைத் தூக்கி, "இப்ப வர்றான் பாருங்க" என்பார். குரல் மறையும். அக்காவின் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். தம்பி பேசுகிற சுருதியும் ஏறக்குறைய அந்த இடம்தான். அவன் குரல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை, ஆள் அளவுக்கு. இதை அக்கா என்னிடம், தக்காளி வாங்கிய கதையைச் சொல்வது போலச் சொன்னார்.

மாஸ்டர் சோபாவை விட்டுப் பால்கனிக்குப் போய் உட்கார ஆரம்பித்தார். ஹாலைக் கடக்கும்போது ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே நடக்காமல் சோபாவுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போனார். ஒருநாள் என்னிடமே போனில் புலம்பினார். "நீயாவது சொல்லும்மா. செத்தவனுக்கு அழணும், காரியம் பண்ணணும், மறக்கணும். இவ என்னடான்னா அவனைத் தினம் வரவழைச்சு ஹால்ல நிக்க வெச்சிருக்கா. எனக்கு என் வீட்டுலயே லுங்கி மாத்தக் கூச்சமா இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

கடைசியில் மாஸ்டருக்கு ஒரு யோசனை தோன்றியது. அறை இல்லை என்பதைக் கண்ணால் பார்த்தால் மனசு ஆறும் என்று நினைத்தார். ரெண்டு பக்கமும் பிரேக் உள்ள டிரைவிங் ஸ்கூல் காரில் அக்காவை ஏற்றிக்கொண்டு போனார். அங்கே வெறும் தரை. இடித்த செங்கல் ஒரு பக்கம், புது மணல் ஒரு பக்கம். பின்னறை இருந்த இடத்தில் சிமெண்ட் தளம் மட்டும் மிஞ்சியிருந்தது. நாற்காலியின் கால்கள் தேய்த்த தழும்பு அதில் தெரிந்தது. அக்கா அங்கே நின்று அடிக்குரலில் மெல்ல "ம்ம்ம்" என்று இழுத்துப் பார்த்தாராம். சுவர் இல்லாத இடத்தில் என்ன திரும்பி வரும்? சத்தம் போன வழி தெரியாமல் போனது.

குடை பிடித்தபடி வேலையை மேற்பார்வை பார்க்க வந்த வீட்டுக்கார அம்மா இவர்களைப் பார்த்து அருகே வந்தார். மாஸ்டரைத் தெரியும். அக்காவைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாரே தவிர, ஒரு சொல் பேசியதில்லை.

"அம்மா, உங்களுக்குத்தான் ரொம்பச் சிரமம் கொடுத்துட்டோம்" என்றார் அக்கா.

அந்த அம்மா நடந்துகொண்டிருந்தவர் அப்படியே நின்றார். குடை சரிந்தது.

"நீங்களா?" என்றார். "அன்னிக்கு உள்ள பேசிக்கிட்டிருந்தது நீங்கதானா?"

அக்காவுக்குப் புரியவில்லை. "நான் அன்னிக்கு வரவே இல்லையே. ஆஸ்பத்திரியில இருந்தேன்."

"இல்லம்மா. இதே குரல். எனக்கு மறக்குமா? மத்தியானத்துலேருந்து கேட்டுக்கிட்டே இருந்துச்சு. 'இணைப்பிலேயே இருங்கள், உரியவரை அழைக்கிறோம்.' கொஞ்சம் விட்டு மறுபடியும் அதே. மறுபடியும் அதே. யாரோ விருந்தாளி வந்திருக்காங்க, ஏதோ படிச்சுக் காட்டறாங்கன்னு நெனச்சேன். அதான் உள்ள போய்ப் பார்க்கல." அவர் சரிந்த குடையை மடக்கினார். "உள்ள பொம்பளை ஆள் இருக்காங்களேன்னுதான்மா நான் போகல. சாயங்காலம்வரைக்கும் நிக்கலைன்னதும்தான் கதவைத் தட்டினேன். எப்படி நிறுத்தறதுன்னு தெரியாம பிளக்கைப் பிடுங்கினேன்."

ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டே சரிசெய்வது அவர்கள் தொழிலில் வழக்கம். தம்பி அன்று எடுத்துக்கொண்ட வேலை, அக்கா கட்டிலில் உட்கார்ந்து படித்த அந்த அறிவிப்பு. அவன் உயிர் போன பிறகும் அது ஓடியிருக்கிறது. வெயில் சாய்கிறவரை, பிணத்துக்கு முன்னால், அக்காவின் குரல் அவனைக் காத்திருக்கச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. வேறு யாரும் உள்ளே வராமல் பார்த்துக்கொண்டதும் அந்தக் குரல்தான்.

காரில் திரும்பி வரும்போது மாஸ்டர் வாயே திறக்கவில்லையாம். அவர் அப்படி வண்டி ஓட்டியது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை என்று அக்கா பிற்பாடு சொன்னார்.

மறுநாள் அக்கா வேலைக்கு வந்தார். போர்டில் முதல் அழைப்பின் விளக்கு எரிந்தது. எடுத்தார். மறுமுனையில் பிரசவ வார்டைக் கேட்டிருக்கிறார்கள். வழக்கமாகச் சொல்கிற அதே சொல்தான் சொல்லவேண்டும். "இணைப்பி..." என்று தொடங்கினார். அதற்குமேல் வரவில்லை. உதடு அசைகிறது, சத்தம் இல்லை. மறுமுனையில் "ஹலோ, ஹலோ" என்று கத்துவது என் காதுக்கே கேட்டது. நான் எட்டி அவர் லைனை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அக்கா ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் முந்தின நாள் நடந்ததையெல்லாம் எனக்குச் சொன்னார்.

அதற்குப் பிறகு வேலை செய்தார். ஆனால் அந்தச் சொற்றொடரைச் சொல்லமாட்டார். "ஒரு நிமிஷம்" என்பார், "இதோ" என்பார். சில சமயம் ஒன்றும் சொல்லாமலே இணைப்புக் கொடுத்துவிடுவார். "எக்ஸ்சேஞ்சுல யாரு புதுசா?" என்று வார்டிலிருந்து என்னிடம் கேட்டார்கள்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என் முன்னாலேயே ஒயருக்குப் போன் செய்தார்.

"அந்த ரெக்கார்டிங் உங்கிட்ட இருக்கா?"

ஒயரின் குரல் என் காதுக்கும் கேட்டது. "இருக்குக்கா. நீங்க கேக்கவே கூடாதுன்னு வேண்டிக்கிட்டிருந்தேன்."

"அவன் கேட்ட மாதிரியே எனக்குக் கேக்கணும்."

"அப்படின்னா," ஒயர் தயங்கினார், "அந்தப் பெட்டிக்குள்ள இருக்கற அவன் ரூமை அழிச்சாகணும்க்கா. அந்தக் கணக்கு அங்க வெச்சாதான் சரியா கேக்கும். இங்க வெச்சா கோணல். உங்க ஹாலை அளந்து நேராக்கினாதான் அவன் கேட்டதுக்குப் பக்கத்துல வரும். ரெண்டும் கிடைக்காது."

அக்கா சாப்பாட்டு டப்பாவை மூடினார். பிறகு, "ஞாயித்துக்கிழமை வா" என்றார். என்னைப் பார்த்து, "நீயும் வாடி. தனியா என்னால முடியாது" என்றார்.

நான் போனபோது ஒயர் வேலையை ஆரம்பித்திருந்தார். சோபாவில் உட்கார்ந்தால் தலை வரும் உயரத்துக்கு, குச்சி போன்ற ஒரு சின்ன மைக்கை ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தார். ஃபேனை அணைத்தாயிற்று. ஃபிரிட்ஜ் பிளக்கைக்கூடப் பிடுங்கியாயிற்று. "யாரும் அசையாதீங்க. மாஸ்டர், உங்களைத்தான். மூச்சுகூட மெதுவா விடுங்க" என்றார். மாஸ்டர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சுவரோரம் நின்றார்.

பழைய கணக்கை அழிப்பதற்கு முன் ஒயர் அக்காவைப் பார்த்தார். அக்கா தலையை மட்டும் அசைத்தார். ஒரு விரல் தட்டியதோடு அந்த அறை இல்லாமல் போனது.

பிறகு அளக்கிற சத்தம் தொடங்கியது. காதுக்குத் தெரியாத அடியிலிருந்து புறப்பட்டு, உறுமலாகி, முனகலாகி, மெல்ல மெல்ல மேலேறி, கடைசியில் ஊசி போலக் குத்தி மறைகிற ஒரே இழுப்பு. அது ஏறிவரும்போது வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக முழித்துக்கொண்டன. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. அலமாரிக்குள் ஒரு டம்ளர் பேசியது. தரை வழியாக என் பாதத்துக்குள் எதுவோ ஏறி இறங்கியது. இத்தனை வருஷம் அந்த ஹாலில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். அதற்குள் இவ்வளவு பேர் இருப்பது எனக்குத் தெரியாது. மைக்கை நகர்த்தி நகர்த்தி ஒயர் மறுபடி மறுபடி அளந்தார். ஒவ்வொரு இழுப்பிலும் அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

"முடிஞ்சுதுக்கா. எங்க உட்கார்றீங்க?"

அக்கா சோபாவின் நடுவில், மைக் இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டு பெட்டியும் ஒரே நேரத்துல ஒரே அளவுல காதுக்கு வந்தா குரல் நடுவுல நிக்கும். பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு ஒயர் அதைப் போட்டார்.

"வணக்கம்."

நான் ஒரு கணம் அக்காவைத்தான் திரும்பிப் பார்த்தேன். அவர் வாய் மூடியிருந்தது. எதிரே, ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், வெறும் சுவர். அந்த வெறும் சுவருக்கு முன்னால் அக்கா நின்று பேசிக்கொண்டிருந்தார். எந்தப் பெட்டியிலிருந்தும் குரல் வரவில்லை. உயரம்கூடத் தெரிந்தது. கை நீட்டினால் புடவை தட்டுப்படும் போலிருந்தது.

"உங்கள் அழைப்பு எங்களுக்குக் கிடைத்தது. தயவுசெய்து இணைப்பிலேயே இருங்கள்."

பிறகு ஒரு மூச்சு. ஆள் மூச்சு. உள்ளே இழுத்து, கொஞ்சம் நின்று, விட்டது.

"உரியவரை அழைக்கிறோம்."

அவ்வளவுதான். மாஸ்டர் சுவரோரமாகவே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த மூச்சு என்னது?" என்றார் அக்கா.

"நீங்க படிச்சப்ப விட்டதுதான்க்கா. இந்த மாதிரி அறிவிப்புல மூச்சை எல்லாம் வெட்டி எடுத்துடுவோம். அவனும் மத்த வரியிலேருந்தெல்லாம் எடுத்துட்டான். அன்னிக்கு ஓடிக்கிட்டிருந்தது இந்தக் கடைசித் துண்டுதான். இதுல மட்டும் எடுக்கல."

"எடுக்க வேண்டாம்னு விட்டானா? இல்ல, எடுக்கறதுக்குள்ள..."

ஒயர் கையிலிருந்த ஒயரைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். "அது எனக்கும் தெரியலக்கா. எத்தனையோ தடவை பார்த்துட்டேன். தெரியல."

அக்கா இன்னொரு முறை போடச் சொன்னார். பிறகு இன்னொரு முறை. மூன்றாவது முறை ஓடும்போதுதான் அழுதார். தம்பி செத்த அன்றைக்கு வராத அழுகை. சத்தம் போட்டு, மூக்கைச் சிந்தி, "என்னடா பண்ணிக்கிட்டிருந்த, என்னடா பண்ணிக்கிட்டிருந்த" என்று எதிரே நின்ற தன்னுடைய குரலைப் பார்த்தே கேட்டு அழுதார். அது அவரைக் காத்திருக்கச் சொல்லியது. ஒயர் நிறுத்தப் போனார். மாஸ்டர்தான் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

அந்தப் பதிவை அக்கா ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டார். புதுச் சாதனம் பொருத்த வந்த எஞ்சினியர், "நடுவுல ஒரு மூச்சு வருதுங்களே, வெட்டிடட்டுமா?" என்று கேட்டான். "கையை வெச்சே, தெரியும் சேதி" என்றார் அக்கா. அவன் அதோடு விட்டுவிட்டான். இப்போது லைன் நிரம்பியிருந்தால் கூப்பிடுபவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். வரிசையிலிருந்து ஒரு அழைப்பை நாங்கள் எடுக்கும்போது அறிவிப்பின் வால் ஒரு கணம் எங்கள் காதிலும் விழும். சில சமயம் சரியாக அந்த மூச்சு விழும். எனக்கு இன்னும் பழகவில்லை. அக்கா அதைக் கேட்டுவிட்டு, ஒரு வினாடி விட்டு, "சொல்லுங்க" என்பார். அந்தப் பழைய சொற்றொடரை அவர் திரும்பச் சொல்லவேயில்லை. சொல்லவேண்டிய தேவையும் இப்போது இல்லை.

வீட்டில் பாட்டுக் கேட்கிறார்கள். பாடகர்கள் எல்லோரும் நடுவில் நிற்கிறார்கள், யாரும் கிணற்றில் இறங்குவதில்லை. மாஸ்டர் பால்கனியிலிருந்து சோபாவுக்குத் திரும்பி வந்துவிட்டார். ஒரு வயலின் இசையில் வில் கம்பியைத் தொடுவதற்கு முந்தின உரசல்கூடக் கேட்கிறதென்று என்னிடம் பெருமையடித்துக்கொண்டார்.

போன வாரம் ஒருநாள் அக்கா வேலைக்கு வந்து ஹெட்செட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"நேத்து பாட்டுக் கேட்டுக்கிட்டிருந்தோம். நல்லாத்தான் கேட்டுச்சு. திடீர்னு இவரு, 'ஏம்மா, ஒயர்கிட்ட சொல்லி அந்தப் பள்ளத்தைத் திரும்பப் போடச் சொல்லலாமா'ங்கறாரு. ஏங்கன்னேன். 'இப்ப வீட்ல நாம ரெண்டே பேருதான் இருக்கற மாதிரி இருக்கு'ங்கறாரு."

"நீங்க என்னக்கா சொன்னீங்க?"

"என்ன சொல்றது? அதை அழிச்சாச்சே. ஒயர்கிட்ட நகல் எதுவும் கிடையாது, அன்னிக்கே கேட்டுட்டேன்." மைக்கை வாயருகே இழுத்துச் சரிசெய்தார். "சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வெச்சேன். அப்புறம் அவரும் ஒண்ணும் பேசல."

விளக்கு எரிந்தது. அவர் எடுத்தார்.